கோட்டை வாசலில் வாங்கிய ஐந்து காசுகள்

கேள்வி: ஐயா, நாங்கள் ரொறன்ரோவில் இருக்கிறோம். நல்லூர்த் திருவிழாவுக்குப் பிள்ளைகளோடு வந்து கோப்பாயில் மாமி வீட்டில் நிற்கிறோம். போன கிழமை யாழ்ப்பாணக் கோட்டை பார்க்கப் போனபோது வெளியில் ஒருவர் துணிப்பையில் பழைய காசுகள் வைத்து விற்றுக்கொண்டு நின்றார். கந்தரோடையில் தன்னுடைய காணியில் கிணறு வெட்டும்போது வந்தவை என்றார். என் மகனுக்குப் பதினான்கு வயது, சரித்திரம் என்றால் சோறு வேண்டாம். இரண்டு சேதுக் காசு, ஒரு பெரிய ரோமக் காசு, ராமர் பட்டாபிஷேகம் போட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு ஒன்று என்று நான்கு காசை 24,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டோம். "தம்பிக்கு என்ரை அன்பளிப்பு" என்று உருவம் ஒன்றும் விளங்காத ஒரு செப்புக் கட்டியையும் சும்மா தந்தார். கஸ்தூரியார் வீதியில் தெரிந்த நகைக்கடையில் நிறுத்துப் பார்த்தோம். சேதுக் காசு இரண்டும் நல்ல செம்பு என்றார்கள். மச்சாள் எல்லாம் போலி என்கிறா. மகன் ஏற்கவில்லை. படங்கள் அனுப்பியிருக்கிறேன். இவை உண்மையானவையா? பலாலியில் ஏறிச் சென்னையில் நான்கு நாள் நின்று கனடா திரும்புகிறோம். கூடக் கொண்டுபோகலாமா?

பதில்: தங்கச்சி, விடையை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பிறகு. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நான்கும் போலி. படத்தைப் பார்த்தே அதைச் சொல்லலாம். சும்மா கிடைத்த செப்புக் கட்டி உண்மையானதாக இருக்கக்கூடும். உங்களுக்குச் சிக்கல் தரக்கூடியதும் அதுதான்.

மகன் ஏமாந்துபோனான் என்று யாரும் அவனைக் கேலி செய்ய வேண்டாம். விற்றவர் சொன்ன கதையில் பாதிக்கு மேல் உண்மை. 1917ஆம் ஆண்டளவில் போல் பீரிஸ் கந்தரோடையில் ஆராய்ந்தபோது அச்சுக் குத்திய வெள்ளிக் காசுகளும் ரோமக் காசுகளும் அங்கே கிடைத்தன. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தாரும் வந்து அகழ்ந்தார்கள். அல்லைப்பிட்டியில் சீனப் பாண்ட ஓடுகள் வந்ததும், மாதோட்டம் பெரிய துறைமுகமாக இருந்ததும் பொய்யில்லை. இந்த வியாபாரத்தின் கெட்டித்தனமே அங்கேதான் இருக்கிறது: ஊர் உண்மை, சரித்திரம் உண்மை, கையில் வைக்கிற சாமான் மட்டும் பொய். அதுவும் வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கள் ஆட்களிடம் இந்தக் கதை நன்றாக எடுபடும். வெள்ளைக்காரனுக்குக் கந்தரோடை என்றால் ஒன்றும் தெரியாது. உங்களுக்கோ அந்தப் பெயரைக் கேட்டதும் மனம் இளகிவிடும்.

கதையையே கொஞ்சம் உரசிப் பாருங்கள். எங்கள் கிணறுகள் பெரும்பாலும் சுண்ணக்கல்லை உடைத்து இறக்குபவை. மேலே மண்படை இருக்கும், அதற்குக் கீழே பாறை. காசு கிடைப்பதானால் அந்த மேல்மண்ணில்தான் கிடைக்க வேண்டும். கிடைத்தாலும் ஒரு பானையிலோ ஒரு குழியிலோ இருந்து வருகிற காசுகள் பெரும்பாலும் கிட்டத்தட்ட ஒரே காலத்தவையாக இருக்கும். ஒருவர் தன் காலத்தில் புழங்கிய காசைத்தானே புதைத்து வைப்பார்? ரோமக் காசின் சீசர் தலையும், சேதுக் காசின் காளையும், கம்பெனிக் காசில் போட்ட 1818உம் ஒரே குழியில் வந்தன என்றால், பதினெட்டு நூற்றாண்டுச் சேமிப்பை ஒருவரே புதைத்தார் என்று அர்த்தம்.

இனிக் காசுகளுக்கு வருவோம். உங்கள் மகன் கெட்டிக்காரன். முன்பக்கம், பின்பக்கத்தோடு நிற்காமல் விளிம்பையும் படம் எடுத்திருக்கிறான். பெரியவர்கள் கூட அதைச் செய்வதில்லை.

சேதுக் காசு என்பது நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட செப்புக் காசு. ஒரு பக்கம் நிற்கிற மனித உரு. மறுபக்கம் படுத்திருக்கும் காளை, மேலே பிறை, கீழே சேது என்ற எழுத்து. பெரும்பாலானவை மூன்று, நான்கு கிராம் அளவில் இருக்கும், சிறிய வகைகளும் உண்டு. காசில் ஆண்டு போடுகிற வழக்கம் கிடையாது. உங்கள் இரண்டிலும் காளையும் பிறையும் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் எழுத்தைப் பாருங்கள். சே என்பதற்குச் சுழித்த இரட்டைக் கொம்பு போட்டிருக்கிறது, நாங்கள் இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் எழுதுவதைப் போல. எகரத்துக்கு ஒரு கொம்பு, ஏகாரத்துக்கு வேறு கொம்பு என்ற வேறுபாட்டை நிலைக்கச் செய்தவர் வீரமாமுனிவர். அதற்கு முன் கல்வெட்டிலும் ஏட்டிலும் இரண்டுக்கும் ஒற்றைக் கொம்புதான். குறிலுக்குப் புள்ளி வைக்கச் சொன்னது இலக்கணம், எழுதியவர்கள் பெரும்பாலும் வைக்கவில்லை. நல்லூரின் கடைசி அரசன் சங்கிலி 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தான். வீரமாமுனிவர் இத்தாலியில் பிறந்ததே 1680இல். பிறக்காத மனிதர் திருத்திய எழுத்து அந்தக் காசில் எப்படி வரும்? இந்த ஒன்றே போதும், மற்றவற்றைப் பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் பார்ப்போம், ஏனென்றால் எல்லாப் போலிக்காரரும் எழுத்தில் பிழை விடமாட்டார்கள்.

இரண்டு காசையும் பக்கத்தில் வைத்த படத்தில், காளையின் வாலுக்குப் பின்னால் விளிம்போரமாக ஒரு சிறு வெட்டு இருக்கிறது. இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில். நகைக்கடைத் தராசு 3.12, 3.13 கிராம் என்று காட்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் செப்பு வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். அடி ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி விழும். ஒன்றில் காளையின் கொம்பு விளிம்புக்கு வெளியே போயிருக்கும், இன்னொன்றில் பிறை பாதி தேய்ந்திருக்கும், வில்லையும் சரியான வட்டமாக இராது. ஒரே அச்சில் அடித்த இரண்டு காசில் உருவம் ஒத்துப்போகலாம். பிறகு புழக்கத்தில் பட்ட காயம் ஒத்துப்போகாது. காயமும் ஒத்துப்போனால் இரண்டும் ஒரு தாய்க் காசிலிருந்து எடுத்த அச்சில் வார்த்தவை. ஆகவே எங்காவது இப்படிக் காசு பார்க்கும்போது "இதே மாதிரி இன்னொன்று இருக்கிறதா?" என்று ஆசையோடு கேளுங்கள். பையிலிருந்து உற்சாகமாக எடுத்துத் தருவார்கள். அதை விடப் பெரிய பரிசோதனை தேவையில்லை.

வார்ப்புக்கு வேறு அடையாளங்களும் உண்டு. உருகிய உலோகத்தில் அகப்பட்ட காற்று மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகளாக நிற்கும், முக்கியமாக எழுத்தின் அடிவாரத்தில். கோடுகள் கூர்மை கெட்டு வழுக்கலாகத் தெரியும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் பிரதி தாய்க் காசைவிட ஒரு மயிரளவு சிறிதாகும். இரண்டு பாதி அச்சும் சேருகிற இடத்தில் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு விழும், அதை அரத்தால் அராவி மறைப்பார்கள். உங்கள் மகன் எடுத்த விளிம்புப் படத்தில் அந்த அராவல் கீறல்கள் சுற்றிவர ஓடுகின்றன. அடித்த காசின் விளிம்பில் அராவலுக்குப் பதில் சிறு வெடிப்புகள் இருக்கும். அடியின் வேகத்தில் செம்பு பிளந்து விரிந்த தடம் அது. அதைப் போலியாகச் செய்வது கஷ்டம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வார்த்தது எல்லாம் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். இலங்கையில் கிடைக்கும் சில மிகப் பழைய வகைகளும் சீனச் சதுரத் துளைக் காசுகளும் அந்தக் காலத்திலேயே வார்ப்பில் செய்தவை. கேள்வி எப்போதும் இந்த வகைக் காசு எப்படிச் செய்யப்பட்டது என்பதுதான். சேதுக் காசு அடித்துச் செய்தது.

இனிப் பச்சை. மண்ணிலிருந்து வந்த செப்புச் சாமான்களைச் சுத்தம் செய்வதே என் தொழில் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய காசு என்றால் பச்சையாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். விற்பவர்களுக்கும் அது தெரியும். அதனால் போலிக் காசுதான் உண்மைக் காசைவிடப் பச்சையாக இருக்கும்.

செம்பு பல நூறு ஆண்டுகள் மண்ணில் கிடந்தால் முதலில் உலோகத்தோடு ஒட்டி ஒரு சிவந்த படை உண்டாகும். அதற்கு மேல்தான் பச்சைக் களிம்பு வளரும். இரண்டும் சேர்ந்து கல்போல இறுகி, மண்துகள்களையும் உள்ளே வாங்கிக்கொள்ளும். எங்காவது ஒரு மூலை தெறித்திருந்தால் லென்ஸில் அந்த வரிசை அப்படியே தெரியும்: உள்ளே உலோகம், அதன் மேல் சிவப்பு, வெளியே பச்சை. புழக்கத்தில் கைபட்டுத் தேய்ந்த மேடுகளிலும் படை பிடித்திருக்கும், பள்ளங்களிலும் பிடித்திருக்கும். தேய்வு முதலில் வந்தது, களிம்பு பிறகு வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

போலியில் இந்த வரிசை இருக்காது. நவச்சாரமும் உப்பும் புளித்த திரவமும் பூசி ஈரத்தில் வைத்தால் சில நாளிலேயே பச்சை வரும். ஆனால் அது செம்பின் மேல் நேரே உட்கார்ந்திருக்கும், சிவப்புப் படை இருக்காது. சுரண்டினால் மாவாக உதிர்ந்து கீழே இளஞ்சிவப்பாக வெறும் செம்பு பளபளக்கும். இன்னும் சோம்பலானவர்கள் பெயின்ரையே பூசிவிடுகிறார்கள். அல்லது சப்பாத்துப் பொலிஷைத் தேய்த்துத் துடைத்துவிடுவார்கள், பள்ளத்தில் கருப்பும் மேட்டில் மினுக்கமுமாக நிற்கும். உங்கள் சேதுக் காசுகள் இந்த மாதிரி. நகப்பூச்சு அழிக்கிற அசற்றோனைக் கொஞ்சம் பஞ்சில் தொட்டு ஒரு மூலையில் உருட்டச் சொல்லுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், முற்றத்தில் செய்யட்டும். பஞ்சில் நிறம் ஏறினால் பூச்சு. மண்ணில் விளைந்த களிம்பை அசற்றோன் ஒன்றும் செய்யாது.

ஆனால் உதிருகிற வெளிர்பச்சை மா எல்லாமே போலி அடையாளம் இல்லை. கடற்கரையோரம், உப்பேறிய மண்ணில் கிடந்த நல்ல காசுகளிலும் அப்படிப் பூக்கும். அது செம்புக்கு வருகிற நோய். உப்பு உள்ளே புகுந்து, காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். தீவுப்பகுதியிலிருந்து வருகிற பழைய செப்புச் சாமான்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். ஆகவே ஒரு அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது. எழுத்து, விளிம்பு, எடை, களிம்பு, விற்றவர் கதை எல்லாம் ஒரே பக்கம் சாய வேண்டும். உங்கள் சேதுக் காசுகளில் சாய்ந்துவிட்டன.

நகைக்கடைக்காரர் செம்பு என்று சொன்னதைப் பற்றி. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் செம்பா என்பது ஒரு கேள்வி, எப்போது செய்த செம்பு என்பது வேறு கேள்வி. உரைகல்லும் தராசும் முதலாவதுக்கு மட்டும்தான் பதில் சொல்லும். காந்தமும் அப்படித்தான். காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது, எறிந்துவிடலாம். ஒட்டாவிட்டால் அதனால் ஒன்றும் நிரூபணமாகாது.

மகனுக்கு ஒரு வேலை கொடுக்க விரும்பினால் அடர்த்தி பார்க்கச் சொல்லுங்கள். கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டுகிற தராசு வேண்டும். முதலில் காசை நிறுத்து எழுத வேண்டும். பிறகு தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டுகிற எண்ணால் காசின் எடையை வகுக்க வேண்டும். செம்புக்கு 8.9 கிட்ட வரும், பித்தளைக்கு 8.5 அளவில், நாகம் என்கிற துத்தநாகத்துக்கு 7.1, வெள்ளிக்கு 10.5, தங்கத்துக்கு 19.3. உதாரணமாக 12.60 கிராம் காசு தண்ணீரில் 1.50 காட்டினால் விடை 8.4. அது தங்கமாக இருக்கவே முடியாது. காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்குப் பிழைக்கும், நனைத்துத் தட்டிவிட்டுத் தொங்கவிட வேண்டும். செப்புப் போலியை இது காட்டிக்கொடுக்காது. வெள்ளி, தங்கம் என்று சொல்லி விற்பவற்றை நன்றாகவே காட்டிக்கொடுக்கும்.

இதை முதலில் அந்த ரோமக் காசில் செய்து பார்க்கட்டும். எனக்கு விடை தெரியும். அது பித்தளை. இலங்கையில் ரோமக் காசு ஏராளமாகக் கிடைத்தது உண்மை. கிடைத்தவற்றில் பெரும்பகுதி நாலாம், ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த சின்னஞ்சிறு செப்புக் காசுகள், ஒன்றிரண்டு கிராம்தான் இருக்கும். பலவற்றில் எழுத்தே வாசிக்க முடியாது. அவற்றைப் பார்த்து இங்கேயே செய்த உள்ளூர் நகல்களும் உண்டு. உங்கள் மகனிடம் இருப்பதோ பெரிய மஞ்சள் வில்லை, யூலியஸ் சீசரின் தலை, அச்சுப் புத்தகம் மாதிரித் தெளிவான எழுத்து. ஐரோப்பாவில் நினைவுப்பொருட் கடைகளில் விற்கிற சாமானின் நகலின் நகல். சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிற எங்கும் இதைக் காணலாம்.

ராமர் காசு வேறு வகை. ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, அரை அணா, 1818. மறுபக்கம் பட்டாபிஷேகம். கம்பெனி இப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. இந்தியாவில் கோவிலடியில் பூசைக்காக விற்கிற ராமர் வில்லைகளின் வழியில் யாரோ கம்பெனி எழுத்தையும் சேர்த்துச் செய்யத் தொடங்கினார்கள். 1616, 1717, 1818, 1839 என்று வாய்க்கு வந்த ஆண்டெல்லாம் போட்டு வருகிறது. மாமி சாமியறையில் வைத்துக் கும்பிட விரும்பினால் தாராளமாக வைக்கலாம், ராமர் ராமர்தான். ஆனால் இதற்குச் சக்தி இருக்கிறது, அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது, கோடிக்கணக்கில் வாங்க ஆள் இருக்கிறது என்று எவராவது பேச வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 24,000 ரூபாயோடு நிற்காத மோசடி அது. காணி விற்றுக் காசு கொடுத்த குடும்பங்கள் உண்டு.

இப்போது அந்தச் செப்புக் கட்டி.

விற்றவர் அதைச் சும்மா தந்ததற்குக் காரணம் அது அழகில்லை என்பதுதான். தடித்து, கோணலாய், ஒரு பக்கம் வெட்டுப்பட்டு, அச்சு முழுதாக விழாமல் இருக்கிறது. படத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒரு பெரிய வி எழுத்தின் இரு கைகளிலும் ஓவும் சீயும் கோத்த முத்திரை அரைகுறையாகத் தெரிகிறது. ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வி.ஓ.சி. முத்திரை அது. (கப்பலோட்டிய தமிழரின் கம்பெனி என்று மகனிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம். அவர் பிறக்க இன்னும் நெடுங்காலம் இருந்தது.) பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், ஒல்லாந்திலிருந்து காசு வந்து சேராத நெருக்கடியில், இலங்கையிலேயே செப்புத் துண்டுகளை வெட்டி இப்படித் தடித்த ஸ்டைவர் காசு அடித்தார்கள். முத்திரைக்கு மேலே ஒரு எழுத்து இருக்கும்: கொழும்புக்கு சி, காலிக்கு ஜி, திருகோணமலைக்கு டி, யாழ்ப்பாணத்துக்கு ஐ. உங்கள் கட்டியில் முத்திரைக்கு மேல் ஒரு செங்குத்துக் கோடு தெரிகிறது. அது ஐயாக இருந்தால், விற்றவர் நின்ற கோட்டையை ஆண்டவர்களின் காசையே சும்மா கொடுத்துவிட்டார். படத்தை வைத்து அதற்கு மேல் நான் போகமாட்டேன். ஆனால் களிம்பு நான் சொன்ன வரிசையில் இருக்கிறது. தெறித்த மூலையில் அந்தச் சிவப்பும் தெரிகிறது.

கோட்டைப் பக்கம் வி.ஓ.சி. பெயரில் விற்கிற மற்றவற்றைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அழகான வட்டத்தில், ஒரு பக்கம் இந்த முத்திரையும் ஆண்டும், மறுபக்கம் ஒல்லாந்து மாகாணங்களின் சின்னமும் உள்ள செப்பு டொய்ட் காசு உண்மையில் உண்டு, நிறையவே உண்டு. அவை 1726 முதல் அந்த நூற்றாண்டின் இறுதிவரை ஒல்லாந்தில் அடித்து அனுப்பப்பட்டவை. ஆகவே ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்த 1658ஐப் பொறித்த வி.ஓ.சி. டொய்ட் என்று யாராவது நீட்டினால், சரித்திரம் படித்த போலிக்காரர் ஒருவர் செய்தது என்று கொள்ளுங்கள்.

சிக்கல் என்று சொன்னேனே, அது சட்டம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, இந்த நாட்டில் 1815 மார்ச் 2க்கு முற்பட்டது என்று கருதக்கூடிய பொருட்கள் தொல்பொருட்கள். காசும் அதில் அடக்கம். நிலத்துக்கடியில் கிடந்து வெளிவருபவை காணி யாருடையதாக இருந்தாலும் அரசுக்குரியவை, கண்டவர் அறிவிக்கவும் வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம் ஏற்றுமதிக்கும் வியாபாரத்துக்கும் இன்னொரு பூட்டுப் போட்டிருக்கிறது. இப்போது கோட்டை வாசலில் கேட்ட கதையை மறுபடி யோசியுங்கள். கந்தரோடைக் காணியில் வந்தது என்பது பொய்யென்றால் உங்கள் 24,000 போயிற்று. மெய்யென்றால், தன்னுடையதல்லாத ஒன்றை அவர் விற்றார், நீங்களும் வாங்கினீர்கள். எப்படிப் பார்த்தாலும் வாங்கியவருக்கு இலாபமில்லை. நான் யாருக்கும் தெருவில் பழங்காசு வாங்கச் சொல்லாததற்கு இதுதான் காரணம். போலி என்ற பயத்தைவிட உண்மையாக இருந்துவிடுமோ என்ற பயம்தான் எனக்குப் பெரிது.

ஆகவே கட்டியைப் பயணப்பையில் வைக்க வேண்டாம். போலி நான்கும் கொண்டுபோகத் தடையானவை இல்லை. ஆனால் பலாலியில் பையைத் திறக்கிற அதிகாரிக்கு வீரமாமுனிவர் கதையைச் சொல்லிக்கொண்டு நிற்க உங்களுக்கு நேரமிருக்காது. சென்னை வழி போவது இன்னும் ஒரு சங்கடம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசை இந்தியாவிலிருந்து வெளியே எடுக்க 1972ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. நான்கு நாள் நின்று புறப்படும்போது, இது யாழ்ப்பாணத்தில் வாங்கியது, அதுவும் போலி என்று இரண்டையும் நீங்கள்தான் விளங்கப்படுத்த வேண்டியிருக்கும். நான்கையும் கோப்பாயில் விட்டுவிட்டுப் போங்கள்.

மகன் வெறுங்கையோடு போகிறானே என்று கவலைப்பட்டால், மாமியின் அலுமாரியைக் குடைந்து பாருங்கள். எங்கள் வீடுகளில் பழைய சில்லறை எங்காவது ஒரு பேணிக்குள் கிடக்கும். சதுரமான ஐந்து சதம், பூவிளிம்பு பத்துச் சதம், 1957இல் புத்த ஜயந்திக்கு வெளியிட்ட ஒரு ரூபாய், எலிசபெத் மகாராணி தலை போட்ட 1950களின் சதக் காசு. ஒன்றிலும் போலி வராது, செய்கிறவனுக்குக் கூலி மிஞ்சாது. சட்டச் சிக்கலும் இல்லை. அப்பம்மா இந்தக் காசுக்கு என்ன வாங்கினா என்று அவன் கேட்டு எழுதிக்கொள்ளலாம். உண்மையான சேதுக் காசு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையென்றால், நாவலர் வீதியில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் கேட்டுப் பார்க்கட்டும். கொழும்பில் நிற்க நேரமிருந்தால் தேசிய அருங்காட்சியகமும் இருக்கிறது, கோட்டைப் பகுதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அருங்காட்சியகமும் இருக்கிறது. நல்ல காசைக் கண்ணாடிக்குள் நிறையப் பார்த்த கண்ணுக்குப் போலி தானாகவே உறுத்தும்.

விற்றவரிடம் காசைத் திருப்பிக் கேட்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மச்சாள் கேட்டிருப்பா. கேட்கலாம், கிடைப்பது சந்தேகம். கடை இல்லை, பில் இல்லை, நாளைக்கு அதே இடத்தில் நிற்பாரா என்பதும் தெரியாது. சுற்றுலாப் பொலிஸில் ஒரு முறைப்பாடு எழுதி வைத்தால் அடுத்த ஆளுக்கு உதவும். அந்த மனிதரை ஊரைக் கூட்டி அவமானப்படுத்த வேண்டாம். வார்க்கிற பட்டறை வேறெங்கோ இருக்கும், மொத்தமாக இறக்குகிறவர் வேறொருவர், கூட்டிக்கொண்டு வருகிற ஓட்டோவுக்குக் கொமிசன் வேறு. வெயிலில் நிற்பவருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அவர் தருவது போலி என்று அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். தெரிந்திருந்தால் அந்தக் கட்டியைச் சும்மா தந்திருப்பாரா?

கட்டியைத் தொல்லியல் திணைக்களத்தாரிடம், அல்லது நாவலர் வீதி அருங்காட்சியகத்தில் ஒப்படைத்து, என்ன ஏது என்று கேளுங்கள். மகனையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். அதுவரை அதைக் கழுவ வேண்டாம். பழப்புளி, தேசிக்காய், பிராசோ எதுவும் வேண்டாம். மாமி குத்துவிளக்கோடு சேர்த்து மினுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்ரிக் பைக்குள் போட்டால் ஈரம் அடைந்துவிடும். ஒரு சாதாரண கடித உறை போதும். எங்கே, எந்தத் திகதி, யாரிடம், என்ன சொல்லித் தந்தார் என்பதை ஒரு கடதாசியில் எழுதி அதனோடு வையுங்கள். அவரை மறுபடி கண்டால் அந்தக் கட்டி உண்மையில் எந்த ஊரில் கிடைத்தது என்று மட்டும் கேட்டு, அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். ஆராய்கிறவர்களுக்குக் காசைவிட அந்த ஊர்ப் பெயர்தான் கூடப் பயன்படும்.